உஷார்! அந்த லாக் ஃபைலில் கை வைக்காதீர்கள்

டெராஃபார்மில் வேலை செய்யும் அணிகளில் ஒரு கெட்ட பழக்கம் பரவிக் கிடக்கிறது. பைப்லைன் சிவப்பாகிறது. செக்சம் பொருந்தவில்லை என்று எர்ரர் வருகிறது. புதிதாகச் சேர்ந்தவர் குரூப்பில் ஸ்க்ரீன்ஷாட் போட்டு உதவி கேட்கிறார். உடனே பதில் வந்து விழுகிறது: “ப்ரோ, லாக் ஃபைலை டெலிட் பண்ணிட்டு மறுபடி இனிட் போடுங்க, சரியாயிடும்.” அவர் போடுகிறார், பச்சை விழுகிறது. எல்லோரும் அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் எனக்குப் பதறுகிறது. டெலிட் அடித்த அந்த நொடியில் இரண்டு காரியம் நடந்திருக்கிறது. உங்கள் சர்வர்களையும் நெட்வொர்க்கையும் டேட்டாபேஸையும் ஆளும் புரொவைடர்களின் வெர்ஷன், அணியில் ஒருவரும் முடிவெடுக்காமலே மாறியிருக்கலாம். அதோடு, நாம் முன்பு சோதித்து ஏற்றுக்கொண்ட பொருள் இதுதான் என்று சொல்ல இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது. பைப்லைன் சிவப்பானதே அந்தச் சாட்சி வாய் திறந்ததால்தான். அதன் வாயை அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறோம்.

இந்த ஃபைல் 2020 டிசம்பரில், டெராஃபார்ம் 0.14 வெர்ஷனோடு வந்தது. பெயர் ‘.டெராஃபார்ம்.லாக்.எச்சிஎல்’. புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாக லிஸ்ட் எடுத்தால் கண்ணில் படாது. அதனாலேயே பலர் இதைத் திறந்து பார்த்ததில்லை. இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். இனிட் தானாகப் பராமரிக்கும் ஃபைல் இது, கையால் திருத்தினால் மாற்றம் காணாமல் போகலாம் என்று தலையில் ஒரு குறிப்பு இருக்கும். அதன் கீழே ஒவ்வொரு புரொவைடருக்கும் ஒரு பிளாக். அதற்குள் தேர்ந்தெடுத்த வெர்ஷன், நீங்கள் கோடில் எழுதிவைத்த வெர்ஷன் வரம்பு, பிறகு நீளநீளமாக ஹாஷ் வரிகள். ‘எச்1’ என்று தொடங்குபவை ஜிப்பைப் பிரித்த பிறகு உள்ளே இருக்கும் ஃபைல்களிலிருந்து கணக்கிட்டவை. ‘இசட்எச்’ என்று தொடங்குபவை ஜிப்பை அப்படியே எடுத்துக் கணக்கிட்டவை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இது வேண்டியிருக்கும்.

வெறும் எழுத்துக் குவியல் மாதிரித் தெரியும் இந்த ஹாஷுக்கு எதற்கு இத்தனை மரியாதை? புரொவைடர் என்பது கம்பைல் செய்து வரும் முழு புரோகிராம். ஏடபிள்யூஎஸ் புரொவைடரைப் பிரித்தால் சில நூறு எம்பி வரும். அது ஓடுவது உங்கள் சிஐ மெஷினில். ஓடும்போது அதன் கையில் இருப்பது உங்கள் கிளவுட் அக்கவுன்ட்டின் சாவி, அதுவும் பெரும்பாலான இடங்களில் அட்மின் சாவி. அப்ளை கூட வேண்டாம், பிளான் போட்டாலே புரொவைடர் ஓடத்தான் செய்கிறது. அந்த புரோகிராமில் யாராவது நான்கு வரியை நுழைத்துவிட்டால், பிளான் முடிவதற்குள் சாவி வெளியே போய்விடும். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தால் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தானே இறக்கச் சொல்கிறோம்? சீல் சரியில்லாத சிலிண்டரைப் பார்த்து, “அந்த சீலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே வை” என்று யாரும் சொல்வதில்லை. லாக் ஃபைலை டெலிட் செய்பவர் செய்வது அதைத்தான்.

இதெல்லாம் வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு 2021-இல் நடந்ததை நினைவூட்ட வேண்டும். கோட்கவ் என்ற சேவை, டெஸ்ட் கவரேஜ் அறிக்கையை மேலே அனுப்புவதற்கு ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் கொடுத்திருந்தது. ஏராளமான நிறுவனங்கள் அதைத் தங்கள் சிஐயில் நேரடியாக இழுத்து ஓட்டிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு ஜனவரி 31 முதல் யாரோ அந்த ஸ்கிரிப்டை மாற்றிவைத்து, சிஐயில் இருந்த என்விரான்மென்ட் வேரியபிள்களைத் தங்கள் சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி முழுவதும், மார்ச் முழுவதும் அது வெளியே தெரியவில்லை. ஏப்ரல் 1 அன்று தெரியவந்தது. எப்படி? ஒரு வாடிக்கையாளர், கிட்ஹப்பில் போட்டிருந்த ஹாஷையும் தான் டவுன்லோட் செய்த ஸ்கிரிப்டின் ஹாஷையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் பொருந்தவில்லை. பைப்லைனில் நாம் தினமும் எரிச்சலோடு தாண்டிப் போகிறோமே, அதே ஒப்பீடு. அதுதான் இரண்டு மாதக் கள்ளத்தனத்தை வெளியே கொண்டுவந்தது.

கதை அதோடு நிற்கவில்லை. டெராஃபார்மை உருவாக்கிய ஹாஷிகார்ப்பும் கோட்கவ் பயன்படுத்திய நிறுவனம். தங்கள் வெளியீடுகளுக்குக் கையொப்பமிடும் ஜிபிஜி சாவி அந்தச் சம்பவத்தில் வெளிப்பட்டுவிட்டது என்று அதே ஏப்ரலில் அவர்களே அறிவித்தார்கள். இனிட் ஓடும்போது ஹாஷிகார்ப் புரொவைடர்களைச் சரிபார்த்தது அந்தச் சாவியை வைத்துத்தான். சாவியை மாற்றினார்கள், டெராஃபார்மின் பழைய வரிசைகளுக்கும் சேர்த்துப் புதிய வெளியீடுகள் விட்டார்கள். பழைய சாவி தவறாகப் பயன்பட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் சொன்னார்கள். நல்லவேளை. ஆனால் அந்தச் சாவி கெட்டவன் கையில் வேலை செய்திருந்தால், போலி புரொவைடருக்கும் அசல் கையொப்பம் விழுந்திருக்கும். அப்போது கையொப்பச் சோதனை அதை உள்ளே விட்டிருக்கும். அதே வெர்ஷனின் பெயரில் வேறு சரக்கு வருகிறது என்று அப்போதும் தடுத்திருக்கக் கூடியது உங்கள் ரெப்போவில் கமிட் ஆகியிருக்கும் ஹாஷ் மட்டுமே.

லாக் ஃபைலின் காவல் முதல் நாள் நம்பிக்கையில் நிற்கிறது. ஒரு வெர்ஷனை முதன்முதலாக இறக்கும்போது வந்ததை நம்பி ஹாஷைக் குறித்துவைக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அன்று வந்ததுதானா இது என்று பார்க்கிறது. ஃபைலை அழித்தால் எல்லா நாளும் முதல் நாள் ஆகிவிடும். வந்ததையெல்லாம் நம்பிக் குறித்துக்கொள்ளும்.

திருட்டை விடுங்கள். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத புது வெர்ஷனே போதும், உங்கள் இரவைக் கெடுக்க. 2022 பிப்ரவரியில் ஏடபிள்யூஎஸ் புரொவைடர் 4.0 வந்தது. அதுவரை எஸ்3 பக்கெட் ரிசோர்ஸுக்குள்ளேயே எழுதிவந்த வெர்ஷனிங், என்கிரிப்ஷன், லைஃப்சைக்கிள், லாகிங் எல்லாவற்றையும் தனித்தனி ரிசோர்ஸாகப் பிரித்துவிட்டார்கள். பழைய இடத்தில் எழுதியிருந்தால், இந்த மதிப்பை நீங்கள் கொடுக்க முடியாது என்று பிளான் அடித்துத் திருப்பியது. வெர்ஷன் வரம்பில் ‘>= 3.0’ என்று தாராளமாக எழுதிவைத்து, லாக் ஃபைலும் வைத்திருக்காதவர்கள் காலையில் வந்து பார்த்தால், ஒரு வரி கூட மாற்றாத கோட் உடைந்து கிடந்தது. எதிர்ப்பு பலமாக இருந்ததால், ஏப்ரலில் 4.9 வெர்ஷனில் பழைய எழுத்துமுறையைத் திரும்ப அனுமதித்தார்கள். லாக் ஃபைலைக் கமிட் செய்திருந்தவர்கள் 3 வரிசையிலேயே இருந்து, தங்களுக்குத் தோதான ஒரு வாரத்தில் மாறிக்கொண்டார்கள்.

அங்கே பிளான் உடைந்தது ஒருவகையில் நல்லது, உடைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. உடையாமல் ஓடிவிடும் அப்கிரேடுதான் எனக்கு அதிக பயம். புது வெர்ஷன் ஒரு ரிசோர்ஸின் ஸ்கீமாவை மாற்றியிருக்கும். அப்ளை ஓடும்போது ஸ்டேட் ஃபைலில் அந்த ரிசோர்ஸ் புது வடிவத்தில் எழுதப்பட்டுவிடும். மறுநாள் பிரச்சினை தெரிந்து பழைய வெர்ஷனுக்குப் போக நினைத்தால், இந்த ஸ்டேட்டை உருவாக்கியது இதைவிடப் புதிய புரொவைடர், அதற்கு அப்கிரேட் செய்யுங்கள் என்று டெராஃபார்ம் கதவை மூடிவிடும். கோடை கிட்டில் பின்னுக்கு இழுக்கலாம். ஸ்டேட் அப்படித் தானாகப் பின்னால் வராது. புரொடக்ஷன் ஸ்டேட்டில் இது நடந்தால், டெலிட் செய்யச் சொன்னவர் அன்று லீவில் இருப்பார்.

அப்படியானால் அந்தச் சிவப்பு ஏன் வருகிறது? பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. டெவலப்பர் கையில் மேக்புக், சிஐ மெஷின் லினக்ஸ். ஒரே வெர்ஷனாக இருந்தாலும் மேக்குக்கான புரோகிராம் வேறு, லினக்ஸுக்கானது வேறு, ஹாஷும் வேறு. ரெஜிஸ்ட்ரியிலிருந்து நேராக இறக்கினால், கையொப்பமிட்ட செக்சம் பட்டியலிலிருந்து எல்லா பிளாட்ஃபார்முக்குமான ‘இசட்எச்’ வரிகளும் வந்துவிடும், சிக்கல் இருக்காது. ஆனால் புரொவைடரை அலுவலக மிரரிலிருந்தோ கேஷ் டைரக்டரியிலிருந்தோ எடுத்தால், அந்த மெஷினுக்கான ஒற்றை ‘எச்1’ வரி மட்டுமே குறிக்கப்படும். அதைக் கமிட் செய்து தள்ளினால் லினக்ஸ் ரன்னர் பொருந்தும் ஹாஷைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, நின்றுவிடுகிறது. எதிர்ப்பக்கத்திலும் இதே சங்கடம் உண்டு. சிஐயில் பிரித்துவைத்த புரொவைடர் டைரக்டரியை வைத்துக்கொண்டு ஓடினால், ஜிப்பிலிருந்து கணக்கிட்ட ‘இசட்எச்’ அங்கே உதவாது; லினக்ஸுக்கான ‘எச்1’ ஃபைலில் இருந்தாக வேண்டும்.

இதற்கு மருந்து டெலிட் இல்லை. ‘டெராஃபார்ம் புரொவைடர்ஸ் லாக்’ என்று ஒரு கமாண்ட் இருக்கிறது. அதோடு ‘-பிளாட்ஃபார்ம்’ என்ற ஆப்ஷனை உங்கள் அணியில் இருக்கும் ஒவ்வொரு வகை மெஷினுக்கும் ஒருமுறை சேர்த்துக் கொடுங்கள்: லினக்ஸ் ஏஎம்டி64, டார்வின் ஏஆர்எம்64, யாராவது விண்டோஸில் இருந்தால் அதுவும். எந்த மெஷினில் உட்கார்ந்து ஓட்டினாலும் எல்லா பிளாட்ஃபார்மின் பேக்கேஜையும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து இறக்கி, ஹாஷ்களைச் சேர்த்து எழுதிவிடும். வெர்ஷன் நகராது. டிஃப்பில் ஹாஷ் வரிகள் கூடியிருப்பது மட்டும் தெரியும். அதைக் கமிட் செய்தால் சிவப்பு நியாயமான வழியில் போய்விடும். எல்லா பிளாட்ஃபார்மையும் சேர்த்த பிறகும் பொருந்தவில்லை என்றால்தான் நெஞ்சு பதற வேண்டும். அப்போது பைப்லைனை நிறுத்திவைத்துவிட்டு, அந்த பேக்கேஜ் எந்த மிரர் வழியாக வந்தது, அங்கே யார் எப்போது மாற்றினார்கள் என்று தேடுங்கள்.

கேஷ் பற்றி இன்னொரு எச்சரிக்கை. 2023-இல் வந்த டெராஃபார்ம் 1.4 முதல், லாக் ஃபைலில் ஏற்கெனவே பொருந்தும் ஹாஷ் இருந்தால் மட்டுமே பிளகின் கேஷிலிருந்து எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரிக்குப் போகும். பில்ட் மெதுவாகிவிட்டது என்று சிலர் இதைப் பழையபடி மாற்ற ஒரு என்விரான்மென்ட் வேரியபிளைத் தேடிப்பிடித்து சிஐயில் போட்டுவைத்திருக்கிறார்கள். லாக் ஃபைலை இது உடைக்கக்கூடும் என்று அதன் பெயரிலேயே எழுதியிருக்கிறது! உங்கள் பைப்லைன் செட்டிங்கில் அப்படி ஒரு வரி இருந்தால் யார் போட்டது, ஏன் போட்டது என்று இன்றே கேளுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு வேடிக்கையான உண்மை: பல ரெப்போக்களில் லாக் ஃபைல் கிட்டுக்குள்ளேயே போவதில்லை. கிட்இக்னோரில் ‘.டெராஃபார்ம்/’ என்று டைரக்டரியை மட்டும் ஒதுக்க வேண்டிய இடத்தில் ‘.டெராஃபார்ம்*’ என்று ஒரு நட்சத்திரத்தைப் போட்டுவைக்கிறார்கள். அந்த நட்சத்திரம் லாக் ஃபைலையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் ஒரு லாக் ஃபைல் இருக்கும், ஒன்றுக்கொன்று பொருந்தாது, சிஐயில் ஒன்றுமே இருக்காது. ஒவ்வொரு ஓட்டத்திலும் வரம்புக்குள் இருக்கும் ஆகப் புதிய வெர்ஷன் வந்து உட்காரும். லாக் ஃபைலின் பெயரைக் கொடுத்து ‘கிட் செக்-இக்னோர் -வி’ ஓட்டிப் பாருங்கள். எந்த ஃபைலின் எந்த வரி அதை மறைக்கிறது என்று காட்டிவிடும். சிலசமயம் குற்றவாளி ரெப்போவுக்கு வெளியே, உங்கள் சொந்த குளோபல் இக்னோரில் இருக்கும். ரூட் மாட்யூல் ஒவ்வொன்றுக்கும் தனி லாக் ஃபைல் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். டெவ், ஸ்டேஜிங், புரொடக்ஷன் மூன்றும் தனித்தனி டைரக்டரி என்றால் மூன்று ஃபைல். உள்ளே அழைக்கப்படும் மாட்யூலில் ஒரு லாக் ஃபைல் கிடந்தாலும் டெராஃபார்ம் அதைப் பார்க்காது.

லாக் ஃபைல் இருக்கிறது, கமிட் ஆகியிருக்கிறது என்று நிம்மதியாகிவிட்டவர்களுக்கும் ஒரு உஷார்! அது காப்பது புரொவைடர்களை மட்டும். வெளியிலிருந்து இழுக்கும் மாட்யூல்களுக்கு அதில் ஒரு வரி கூடக் கிடையாது. ரெஜிஸ்ட்ரி மாட்யூலுக்கு ‘~> 5.0’ என்று எழுதியிருந்தால், புதிதாக எழும்பும் ஒவ்வொரு சிஐ மெஷினும் 5 வரிசையில் அன்றைக்கு ஆகப் புதிதாக இருப்பதை எடுத்துக்கொள்ளும். கிட்டிலிருந்து டேக் பெயரைச் சொல்லி இழுத்தாலும் பத்திரம் இல்லை, டேக் நகரக்கூடியது. 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் சம்பவத்தில் நடந்தது அதுதான். 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் பயன்படுத்திவந்த ஒரு கிட்ஹப் ஆக்‌ஷன் அது. உள்ளே நுழைந்தவர்கள் அதன் பழைய வெர்ஷன் டேக்குகளையெல்லாம் தங்கள் கெட்ட கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். வெர்ஷனை நிலையாக எழுதிவிட்டோம் என்று நம்பியிருந்தவர்களின் ரகசியங்கள் பில்ட் லாக்கில் கொட்டின. டேக்குக்குப் பதில் முழு கமிட் ஹாஷை எழுதி, அந்த நாட்களில் அதை மாற்றாமல் இருந்தவர்களை அந்த டேக் மோசடி தொடவில்லை. அது டெராஃபார்ம் மாட்யூல் இல்லை என்பது உண்மை. ஆனால் கிட் டேக் எங்கும் கிட் டேக்தான். வெளி மாட்யூல்களின் ‘ரெஃப்’ இடத்தில் முழு கமிட் ஹாஷை எழுதுங்கள். ரெஜிஸ்ட்ரி மாட்யூலுக்கு வரம்பு எழுதாமல் ஒரே வெர்ஷனை எழுதுங்கள்.

சிஐயில் இனிட்டை ‘-லாக்ஃபைல்=ரீட்ஒன்லி’ என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள். லாக் ஃபைல் இல்லாமல் வந்தாலோ, அதில் இல்லாத புரொவைடர் கோடில் நுழைந்திருந்தாலோ, பிளானுக்குப் போகாமல் இனிட்டிலேயே நின்றுவிடும். என் கணிப்பில் இந்த ஒரு ஆப்ஷன் பத்துப் பக்க விதிமுறை ஆவணத்தைவிட அதிகம் காக்கும். ஃபைலை டெலிட் செய்து, அது இல்லாமலேயே கமிட் தள்ளுபவரை மனிதர் யாரும் கண்காணிக்க வேண்டியதில்லை, பைப்லைனே பிடித்துவிடும்.

அப்கிரேடே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூட்டிவைத்துவிட்டு வருடக்கணக்கில் தொடாமல் இருந்தவர்களும் சிக்கியிருக்கிறார்கள். ஹாஷிகார்ப்பின் டெம்ப்ளேட் புரொவைடர் கைவிடப்பட்டு நின்றுபோனது. ஆப்பிள் சிலிக்கான் மேக் வாங்கியவர்கள் இனிட் போட்டபோது, 2.2.0 வெர்ஷனுக்கு உங்கள் பிளாட்ஃபார்மில் பேக்கேஜ் இல்லை என்று பதில் வந்தது. ஆகவே அப்கிரேட் செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் செய்யுங்கள். ‘இனிட் -அப்கிரேட்’ ஓட்டி, பிளாட்ஃபார்ம்களைச் சேர்த்து, தனி புல் ரிக்வெஸ்டாகப் போடுங்கள். புது ஃபீச்சரோடு கலக்காதீர்கள். ரிவ்யூ செய்பவர் வெர்ஷன் வரி எதிலிருந்து எதற்குப் போகிறது என்று பார்த்து, அந்த இடைவெளியின் சேஞ்ச்லாகைப் படிக்க வேண்டும். வெர்ஷன் வரி நகராமல், பழைய ஹாஷ் வரிகள் போய் வேறு வரிகள் வந்திருந்தால், விளக்கம் கிடைக்கும்வரை அப்ரூவ் பட்டனைத் தொடாதீர்கள். மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்தால் இரு பக்கத்தையும் அழிக்க வேண்டாம். மெயின் பிராஞ்சின் ஃபைலை எடுத்துவைத்து, அதன் மேல் உங்கள் மாற்றத்துக்கான இனிட்டை மறுபடி ஓட்டுங்கள்.

ஓப்பன்டோஃபுவுக்கு மாறியவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். அங்கேயும் இதே பெயரில் இதே ஃபைல்தான். ரெஜிஸ்ட்ரி முகவரி மட்டும் வேறு, அதனால் பிளாக்குகளும் வேறாகும். ஒரே ரெப்போவில் சிலர் இதையும் சிலர் அதையும் ஓட்டினால் லாக் ஃபைல் தினமும் முன்னும் பின்னும் இழுபடும். இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே டெலிட் செய்துவிட்டவர்கள் இன்றே இதைச் செய்யுங்கள். கிட் வரலாற்றில் அந்த ஃபைலின் கடைசி நல்ல வடிவத்தை எடுத்து வையுங்கள். ஃபைல் கமிட்டே ஆகாமல் இருந்திருந்தால், கடைசியாக ஒழுங்காக ஓடிய பைப்லைனின் இனிட் வெளியீட்டைத் தேடுங்கள். எந்தப் புரொவைடரின் எந்த வெர்ஷன் இன்ஸ்டால் ஆனது, யார் கையொப்பம் என்று வரிக்கு வரி அச்சாகியிருக்கும். அந்த வெர்ஷனையே வரம்பில் துல்லியமாக எழுதி, எல்லா பிளாட்ஃபார்முக்கும் லாக் ஃபைலை உருவாக்கி, பிளான் மட்டும் ஓட்டுங்கள். மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தால் கமிட் செய்யுங்கள். ஸ்டேட்டை எழுதியது புதிய புரொவைடர் என்று எர்ரர் வந்தால், ஸ்டேட் ஃபைலைத் திறந்து கையால் திருத்தப் போகாதீர்கள். அந்தப் புதிய வெர்ஷனிலேயே லாக் செய்து, கோடை அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் பத்திரமான வழி. ஸ்டேட்டை வைத்திருக்கும் பக்கெட்டின் வெர்ஷனிங்கிலிருந்து பழைய ஸ்டேட்டைத் திரும்ப வைக்க நினைத்தால், அதற்கு முன் டெலிட் நடந்த நாளிலிருந்து இன்றுவரை எத்தனை அப்ளை ஓடியிருக்கிறது என்று பைப்லைன் லாக்கில் எண்ணிப் பாருங்கள். ஒன்று ஓடியிருந்தாலும் பழைய ஸ்டேட்டை வைக்காதீர்கள். இடையில் உருவான ரிசோர்ஸ்கள் கிளவுடில் இருக்கும், டெராஃபார்முக்கு அவை இருப்பதே தெரியாது.